என்ஜின் ஆயில்: எதை ஊற்றுவது, எப்போது மாற்றுவது?

வண்டி வாங்கிய புதிதில் என்ஜின் ஆயிலைப் பற்றி எழும் கேள்விகள் இரண்டுதான். எந்த ஆயிலை ஊற்றுவது? எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? பெரும்பாலானோர் முதல் கேள்விக்கே அதிகம் மெனக்கெடுகிறார்கள்; எந்த நிறுவனத்தின் ஆயில் சிறந்தது என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கோ, சர்வீஸ் முடிந்ததும் ஒட்டித் தரப்படும் சீட்டில் உள்ள எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். கவனத்தை நேர்மாறாகப் பங்கிட்டால்தான் பயனுண்டு என்பது என் கருத்து. எந்த ஆயில் என்பதை என்ஜினை வடிவமைத்தவர்கள் பல மாதச் சோதனைகளுக்குப் பின் முடிவு செய்து, வண்டியின் கையேட்டில் அச்சிட்டுவிட்டார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்வது மட்டுமே நம் வேலை. எப்போது மாற்றுவது என்பது வண்டி அன்றாடம் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அது ஓட்டுபவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

ஆயில் செய்யும் வேலை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில், பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்குகளைத் தொடுவதே இல்லை. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் டயர் தரையை விட்டு நீரின்மேல் ஏறி வழுக்குவதைப் போல, சுழலும் தண்டினால் உள்ளிழுக்கப்படும் ஆயில், சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு படலமாக இடையில் நின்று, உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைக்கிறது. இந்தப் படலம் நிலைக்க வேண்டுமானால் தண்டு போதிய வேகத்தில் சுழல வேண்டும், ஆயில் தடையின்றி வந்து சேர வேண்டும், அந்த ஆயிலுக்குத் தேவையான பாகுத்தன்மை, அதாவது வழிந்தோடுவதற்கு ஒரு திரவம் காட்டும் எதிர்ப்பு, இருக்க வேண்டும். என்ஜினை அப்போதுதான் இயக்கிய சில விநாடிகளில் முதல் இரண்டும் குறைவு. தேய்மானம் அந்த நேரத்தில் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

எல்லா இடங்களிலும் இந்தப் படலம் முழுமையாக நிற்பதில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் புடைப்புகளிலும், பிஸ்டன் மேலும் கீழும் சென்று திரும்பும் இடங்களிலும் அது அவ்வப்போது கிழிந்து, உலோகங்கள் உரசிக்கொள்கின்றன. அங்கே காப்பாற்றுவது பாகுத்தன்மை அன்று. ஆயிலில் கரைத்து வைத்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய ஒரு சேர்மம். வெப்பமும் அழுத்தமும் கூடும்போது அது உலோகப் பரப்பின்மீது ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, உலோகத்துக்குப் பதிலாகத் தான் தேய்கிறது. தேயத் தேய அந்தச் சேர்மம் செலவாகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆயிலை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கான விடையின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது.

இவை தவிர, பிஸ்டனின் அடிப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைப்பது, எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலங்களை நடுநிலையாக்குவது, கரித்துகள்களைக் கட்டிதட்ட விடாமல் தன்னுள் மிதக்கவைத்துச் சுமப்பது ஆகியவையும் ஆயிலின் பொறுப்புகள். இந்தக் கடைசிப் பணியைப் புரிந்துகொண்டால், நிறத்தைப் பார்த்து ஆயிலின் நிலையை முடிவு செய்வது எவ்வளவு தவறு என்பதும் புரியும். டீசல் வண்டிகளில் புது ஆயில் ஊற்றிய சில நாள்களுக்குள்ளாகவே அது கறுத்துவிடுகிறது. ஆயில் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. கரி என்ஜினுக்குள் படியாமல் ஆயிலில் இருக்கிறது என்றுதான் பொருள். மாறாக, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் பொன்னிறம் மாறாத ஆயில் தன் சேர்மங்களை இழந்துவிட்டிருக்கவும் கூடும்.

ஒரு டப்பா ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். எஞ்சியது மேற்சொன்ன பணிகளுக்கான சேர்மங்கள். அடிப்படை எண்ணெய்களை அமெரிக்கப் பெட்ரோலியத் துறையின் அமைப்பான ஏபிஐ ஐந்து பிரிவுகளாக வகுத்திருக்கிறது. கச்சா எண்ணெயிலிருந்து எளிய முறையில் பிரித்தெடுப்பவை முதல் பிரிவு. ஹைட்ரஜனைக் கொண்டு மேலும் மேலும் தூய்மைப்படுத்தியவை இரண்டாம், மூன்றாம் பிரிவுகள். ஆலையில் மூலக்கூறுகளைக் கோத்து உருவாக்குபவை நான்காம் பிரிவு. மற்றவையெல்லாம் ஐந்தாம் பிரிவு. ‘சிந்தெடிக்’ என்ற சொல் நான்காம் பிரிவை மட்டும் குறிப்பதாகப் பலர் நினைத்தாலும், கச்சா எண்ணெயிலிருந்தே கிடைக்கும் மூன்றாம் பிரிவு எண்ணெயும் பல நாடுகளில் அதே பெயரில் விற்கப்படுகிறது. ‘செமி சிந்தெடிக்’ என்று எழுதியிருந்தால் அதில் எவ்வளவு சிந்தெடிக் என்பதற்குப் பொதுவான விகிதம் ஏதும் வரையறுக்கப்படவில்லை. ஆகவே இந்தப் பெயர்களைக் கொண்டு தரத்தை அளப்பதைவிட, அடுத்து வரும் எண்களையும் எழுத்துகளையும் பார்ப்பதே நம்பகமானது.

டப்பாவின் முகப்பில் இருக்கும் எண்கள்

5டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருப்பவை பாகுத்தன்மையின் தரநிலைகள். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ இந்த வகைப்பாட்டை 1911-இல் தொடங்கியது. இன்றைய வடிவம் ஜே300 என்னும் தர ஆவணத்தில் உள்ளது. எண் பெரிதானால் தரம் உயர்வு என்பது இதில் கிடையாது. 20டபிள்யூ-50 என்பது 5டபிள்யூ-30-ஐவிடக் கெட்டியானது, அவ்வளவே.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் அந்த ஆயில் எவ்வளவு எளிதாக அசைகிறது என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறார்கள்; 5டபிள்யூ-க்கு மைனஸ் 30, 10டபிள்யூ-க்கு மைனஸ் 25, 15டபிள்யூ-க்கு மைனஸ் 20, 20டபிள்யூ-க்கு மைனஸ் 15 டிகிரி. ஒவ்வொன்றும் தனக்குரிய குளிரில் என்ஜினைச் சுழற்ற முடியாத அளவுக்குக் கெட்டிப்படக் கூடாது. கோட்டுக்குப் பின்னால் உள்ள எண், என்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது உள்ள நிலையைக் குறிக்கிறது. 30 என்றால் 100 டிகிரியில் பாகுத்தன்மை 9.3-க்கும் 12.5-க்கும் இடையிலும், 40 என்றால் 12.5-க்கும் 16.3-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இதன் அலகு சென்டிஸ்டோக்ஸ்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. குளிரில் 5, சூட்டில் 30 என்பதைப் பார்த்து, சூடேறினால் ஆயில் கெட்டிப்படும் போலும் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். எந்த ஆயிலும் சூடேறினால் இளகத்தான் செய்யும். 40 டிகிரியில் ஏறத்தாழ 60 சென்டிஸ்டோக்ஸ் உள்ள ஒரு 5டபிள்யூ-30 ஆயில், 100 டிகிரியில் பத்து, பதினொன்றுக்கு இறங்கிவிடும். முன்னெண்ணும் பின்னெண்ணும் இரு வேறு அளவுமுறைகள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. சூட்டில் இளகும் வேகத்தைக் குறைப்பதற்காகவே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். அந்தப் பாலிமர்கள் பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே அகப்பட்டு நாளடைவில் நறுக்கப்படுவதால், 40 ஆக உள்ளே போன ஆயில் 30-க்குரிய எல்லைக்கு இறங்கிவிடுவதும் உண்டு.

கெட்டியான ஆயில் அதிகம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. பழைய என்ஜின்களின் அகன்ற இடைவெளிகளுக்கு அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய என்ஜின்களில் பேரிங் இடைவெளிகள், ஆயில் பம்பின் திறன், ஆயில் அழுத்தத்தைக் கொண்டே வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆகிய அனைத்தும் குறிப்பிட்ட ஒரு பாகுத்தன்மையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டுள்ளன. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், இயக்கிய உடனே மேற்பகுதிக்கு வந்து சேரத் தாமதிக்கிறது. எரிபொருளையும் கூடுதலாகச் செலவழிக்க வைக்கிறது. தேவைக்குக் கீழே இளகலான ஆயிலோ, கடும் சூட்டிலும் சுமையிலும் படலத்தைக் கைவிட்டுவிடுகிறது. கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட தரநிலைகளைச் சுற்றுப்புற வெப்பநிலைக்கேற்ப அனுமதித்திருந்தால், அந்த எல்லைக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நிறைய ஓடித் தேய்ந்து, ஆயிலைக் குடிக்கத் தொடங்கிவிட்ட என்ஜினுக்கு அனுமதிக்கப்பட்டவற்றுள் சற்றுக் கெட்டியானதை ஊற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது தேய்மானத்தைச் சரிசெய்துவிடாது.

பின்பக்கத்துச் சிறிய எழுத்துகள்

ஒரே 5டபிள்யூ-30 எண்ணைத் தாங்கிய இரண்டு ஆயில்கள் முற்றிலும் வேறு என்ஜின்களுக்கு உரியவையாக இருக்கலாம். ஆகவே டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும்.

ஏபிஐ தரத்தில் பெட்ரோல் என்ஜினுக்கானவை எஸ் என்ற எழுத்திலும், டீசலுக்கானவை பெரும்பாலும் சி என்ற எழுத்திலும் தொடங்குகின்றன. அடுத்த எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ, தரம் அவ்வளவு புதியது: எஸ்என் 2010-இலும், எஸ்பி 2020-இலும், எஸ்க்யூ 2025-இலும் நடைமுறைக்கு வந்தன. டர்போவுடன் நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் சிறிய என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிக சுமை ஏறும்போது எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைத்துவிடும் கோளாறு ஒன்று உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மங்களுக்கும் அதில் பங்கிருப்பது தெரியவந்த பின்னர், அவற்றின் கலவையை மாற்றி எஸ்பி தரம் வகுக்கப்பட்டது. இத்தகைய என்ஜினுக்குப் பழைய தரத்து ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது ஆபத்தானது. பெட்ரோல் வரிசையில் புதிய தரம் பழையதன் இடத்தைப் பொதுவாக நிரப்பும். டீசலில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது: சிகே-4 தரம் முந்தைய டீசல் தரங்களுக்கு ஈடாகும், அதனுடனேயே அறிமுகமான எஃப்ஏ-4 ஆகாது.

ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தின் வரிசையில் சி எழுத்துக்குப் பொருள் வேறு. புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி பொருத்திய வண்டிகளுக்கான, சாம்பல் குறைந்த ஆயில்களை அது குறிக்கிறது. ஆயில் சிறிதளவேனும் எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் சாம்பலாகி வடிகட்டியில் தங்குகின்றன. கரியைச் சூடேற்றி எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டி உள்ள டீசல் வண்டியில் தவறான ஆயிலைத் தொடர்ந்து ஊற்றினால், என்ஜினுக்கு ஒன்றும் நேராமலேயே, என்ஜினுக்கு அடுத்தபடி விலை கூடிய பாகங்களில் ஒன்று அடைபட்டுவிடும்.

சில தயாரிப்பாளர்கள் இந்தப் பொதுத் தரங்களுக்கு மேல் தமக்கென்று தனிச் சோதனைகளை வைத்து, தேறும் ஆயில்களுக்கு எண்ணிட்ட அங்கீகாரம் வழங்குகிறார்கள். கையேடு அத்தகைய எண்ணைக் கேட்டால், ‘அங்கீகாரம் பெற்றது’ என்று டப்பாவில் இருப்பதற்கும் ‘பயன்படுத்த ஏற்றது’ என்று இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்னது வண்டித் தயாரிப்பாளர் சொல்வது. பின்னது ஆயில் விற்பவர் சொல்வது.

இருசக்கர வண்டிகளின் கதை தனி. பெரும்பாலான பைக்குகளில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள், ஆயிலில் நனைந்தபடியே உராய்ந்து பிடிக்க வேண்டிய கிளட்ச் தகடுகளை வழுக்க வைத்துவிடக்கூடும். இதற்காகவே ஜப்பானிய ஜாசோ தரம் எம்ஏ, எம்ஏ2, எம்பி என்று பிரித்திருக்கிறது. நனைந்த கிளட்ச் உள்ள பைக்குக்கு முதல் இரண்டில் ஒன்று; கிளட்ச் தனியாக, ஆயிலில் படாமல் இருக்கும் ஸ்கூட்டர்களுக்கு எம்பி.

இந்த எண்களும் எழுத்துகளும் கையேட்டோடு பொருந்திவிட்டால், டப்பாவின்மேல் இருக்கும் நிறுவனப் பெயர் எதுவாக இருந்தாலும் பெரிய வேறுபாடு வராது. ஆயிலுடன் கலக்கச் சொல்லித் தனியாக விற்கும் ‘பூஸ்டர்’ புட்டிகளையும் தவிர்த்துவிடலாம். ஆயிலின் சேர்மங்கள் ஒன்றோடொன்று இணங்கும்படி அளந்து கலக்கப்பட்டவை, மேலும் ஒன்றைச் சேர்ப்பது அந்த இணக்கத்தைக் குலைக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்போது மாற்றுவது

ஆயில் தேய்ந்துபோவதில்லை, கெட்டுப்போகிறது. சூட்டில் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. அமிலத்தை நடுநிலையாக்கும் சேர்மங்கள் தீர்ந்துபோகின்றன. கரியும் தூசியும் சேர்கின்றன. எரியாத பெட்ரோலும் நீரும் கலக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றின் வேகம், ஓடிய தூரத்தைவிட ஓடிய விதத்தையே சார்ந்திருக்கிறது.

ஒரு சிறிய கணக்கைப் பார்க்கலாம். சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் வண்டி 10,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 167 மணி நேரம் ஆகும். நெரிசலில் நின்று நின்று சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு அதே தூரத்துக்கு 500 மணி நேரம். தூரமானி இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்; ஆனால் இரண்டாவது வண்டியின் ஆயில் மும்மடங்கு நேரம் உழைத்திருக்கிறது, அதிலும் பெரும்பகுதியைக் காற்றோட்டம் குறைந்த சூட்டில் கழித்திருக்கிறது. சிக்னலில் நிற்கும் நேரம் எந்தத் தூரமானியிலும் ஏறுவதில்லை.

குறுந்தூரப் பயணங்கள் இதைவிடக் கெடுதலானவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், ஒரு சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்குகிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோலிலும் கொஞ்சம் அதே வழியில் வந்து சேர்கிறது. நீண்ட பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடேறி இரண்டையும் ஆவியாக்கி வெளியேற்றிவிடும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டால் அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதை வைத்து ஆயிலும் சூடாகிவிட்டது என்று கொள்ள முடியாது. ஆயில் சூடேற அதைவிட வெகுநேரம் பிடிக்கும். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டுமே, அதுவும் அருகிலுள்ள இடங்களுக்கு மட்டுமே ஓடும் காரில் ஆயில் புதிதாகவே இருக்கும் என்று நினைப்பது, எனக்குத் தெரிந்தவரை, இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறான எண்ணம். கையேடுகள் தூரத்தோடு கால எல்லையையும் சேர்த்து ‘எது முன்னதோ அது’ என்று எழுதுவது இதனால்தான். பல கார்களுக்கு அந்த எல்லை ஓராண்டு.

கையேட்டைக் கவனமாகப் புரட்டினால் பராமரிப்பு அட்டவணைகள் இரண்டு இருப்பதைக் காணலாம்: ஒன்று வழக்கமான பயன்பாட்டுக்கு, மற்றொன்று கடுமையான பயன்பாட்டுக்கு. கடுமையான பயன்பாடு என்றதும் பாலைவனமும் பாரம் இழுக்கும் வண்டியும் நினைவுக்கு வருவதால், பெரும்பாலானோர் அது தமக்கில்லை என்று தாண்டிவிடுகிறார்கள். அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்: குறுந்தூரப் பயணம், நின்று நின்று செல்லும் நெரிசல், நெடுநேரம் நிறுத்திய நிலையில் என்ஜினை ஓடவிடுவது, தூசி நிறைந்த சாலை, மிகுந்த வெப்பம். நகரத்தில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கிவிடும் என்றே தோன்றுகிறது. இந்த அட்டவணையில் இடைவெளி பெரும்பாலும் பாதியளவுக்குக் குறைந்திருக்கும். வழக்கமான அட்டவணை 10,000 கிலோமீட்டர் என்று சொன்னால், உங்களுக்குரியது 5,000 ஆக இருக்கலாம்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. கார்புரேட்டர் தாராளமாகப் பெட்ரோலைக் கொட்டிய, எளிய கனிம ஆயில்கள் மட்டுமே கிடைத்த காலத்து வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடும் புதிய காருக்கு 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது என்ஜினுக்குக் கூடுதலாக எந்த நன்மையும் செய்யாது. அதேபோல, சிந்தெடிக் ஆயில் ஊற்றியாயிற்று என்பதற்காகக் கையேட்டின் எல்லையை இரட்டிப்பாக்குவதும் கூடாது. வெப்பத்தை அது நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் தன்னுள் வந்து கலக்கும் நீரையும் பெட்ரோலையும் தடுக்க அதற்கு எந்தச் சக்தியும் இல்லை.

புதிய கார்கள் சிலவற்றில் ஆயிலின் எஞ்சிய ஆயுளைச் சதவீதமாகக் காட்டும் வசதி இருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை ஆயிலைச் சோதிப்பதில்லை. என்ஜின் எத்தனை முறை சுழன்றது, எவ்வளவு சூட்டில் ஓடியது, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் இயக்கப்பட்டது என்பவற்றைக் கொண்டு கணக்கிடுகின்றன. ஓட்டும் விதத்தைக் கணக்கில் எடுப்பதால், ஒட்டுச்சீட்டின் எண்ணைவிட இதை நம்பலாம். ஆனால் தவறான ஆயில் ஊற்றப்பட்டிருந்தாலோ, அளவு குறைந்திருந்தாலோ அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை மாற்றிய பின்னும் அதைப் பழையபடி நூறுக்குத் திருப்பி வைக்கவும் வேண்டும்.

இவ்வளவையும்விட எளிய, ஆனால் அதிகம் புறக்கணிக்கப்படும் ஒரு வேலை, டிப்ஸ்டிக்கை எடுத்து அளவு பார்ப்பது. ஆயில் பழையதானதால் பழுதடையும் என்ஜினுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆயில் இல்லாமல் ஓடும் என்ஜின் சில நிமிடங்களில் போய்விடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆயில் கீழே வடியச் சில நிமிடங்கள் விட்டு, குச்சியைத் துடைத்து மீண்டும் விட்டு எடுக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு இடையில் எங்கே இருந்தாலும் கவலையில்லை. மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரை படலமாக நிற்காது. ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் எரிபொருளோ கூலண்டோ கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்: பெட்ரோல் வாடை முதலாவதைக் காட்டிக்கொடுக்கும், பால் கலந்தாற்போன்ற நிறம் இரண்டாவதை. மினுமினுக்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோவதைத் தள்ளிப்போடாதீர்கள். இடையில் ஊற்ற வேண்டி வந்து அதே நிறுவனத்து ஆயில் கிடைக்காவிட்டால், அதே தரமுள்ள வேறொன்றைச் சேர்க்கலாம். சிந்தெடிக்கும் கனிம ஆயிலும் கூட ஒன்றோடொன்று கலக்கும்.

மாற்றும்போது ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அடைபட்ட ஃபில்டர், ஆயில் நின்றுபோகாமல் இருப்பதற்காகத் தன் பக்கவழி வால்வைத் திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பழைய ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்தால் கசடுகளும் சேர்ந்து இறங்கும். வடித்த ஆயிலில் தோலுக்குக் கேடு தரும் சேர்மங்கள் இருப்பதால் கையுறை அணிவது நல்லது. அதை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், மூடிய கலனில் நிரப்பிப் பழைய ஆயிலைத் திரும்பப் பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். மாற்றிய தேதி, தூரமானியின் அளவு, ஊற்றிய ஆயிலின் எண்கள் ஆகியவற்றைக் குறித்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலத்தில் என்ஜினுக்கு ஏதேனும் நேர்ந்தால் தயாரிப்பாளர் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.